பழைய சாமானில் ஒரு மின் குறூசர் சைக்கிள்: எதைப் பழசாக எடுக்கலாம், எதைப் புதிதாக வாங்க வேண்டும்

மின்சைக்கிள் கட்ட நினைப்பவர்கள் அநேகமாக முதலில் சைக்கிளின் இரும்புச் சட்டத்தைத் தேடுவார்கள். ஆனால் முதலில் கையில் இருக்கவேண்டியது மோட்டர்தான். அதன் சுற்றும் வேகம் தெரிந்தால்தான் பற்றரி எத்தனை வோல்ற், மோட்டருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கொன்ட்ரோலர் எது, சில்லு எந்த அளவு என்பதெல்லாம் முடிவாகும்.

இங்கே விவரிக்கும் வண்டி 26 அங்குலச் சில்லும் 2.125 அங்குலப் பருத்த ரயரும் கொண்ட குறூசர். பின் சில்லின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டர் 36 வோல்ற் 350 வாற், உள்ளே பல்லுச்சக்கரம் உள்ள வகை. பற்றரி பழைய லப்டொப் செல்களில் கட்டியது. யாழ்ப்பாணம் தட்டை நிலம் என்பதால் மிதிக்கு மாற்றும் கியர் இல்லை. இங்கே மோட்டருக்கு வேலை வைப்பது ஏற்றம் இல்லை, காற்று. பொருட்களைக் கெடுப்பது உப்பு. கீழே வரும் முடிவுகளில் பாதி இந்த இரண்டையும் பார்த்து எடுத்தவை.

மோட்டர்

ஈய அமிலப் பற்றரியோடு வந்த பழைய மின்சைக்கிள்கள் பற்றரி செத்ததும் கொட்டிலில் கிடந்து, பிறகு பழைய இரும்பு எடுப்பவரிடம் போய்ச் சேரும். அவற்றின் ஹப் மோட்டர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம், மின்சாரம் தேவையில்லை. மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று தடித்த வயர்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது சில்லு இலகுவாகச் சுற்ற வேண்டும். பிறகு இரண்டு வயர்களைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் கடகடவென்று இழுத்துப் பிடிக்கும். மஞ்சள்-பச்சை, பச்சை-நீலம், நீலம்-மஞ்சள் மூன்று சோடியிலும் அந்த இழுவை ஒரே அளவாக இருந்தால் வைண்டிங் நல்லது. ஒன்றில் மட்டும் இழுவை இல்லையென்றால் வயர் அறுந்திருக்கிறது. எதையும் சேர்க்காமலே இழுத்தால் உள்ளே சோட். பல்லுச்சக்கர மோட்டரை இப்படிச் சோதிக்கும்போது பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். முன்பக்கம் சுற்றினால் உள்ளிருக்கும் கிளச் விட்டுவிடும், மோட்டர் சுற்றவே சுற்றாது.

மோட்டரின் காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று உணரும் ஹோல் சென்சரைக் கொன்ட்ரோலரில் கொழுவிப் பார்க்கவேண்டும். மெல்லிய சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 5 வோல்ற் அளவு வரவேண்டும். சில்லை மெதுவாக நகர்த்தும்போது மற்ற மூன்று வயர்களிலும் மீற்றர் 0க்கும் 5க்கும் இடையில் மாறி மாறிக் காட்டவேண்டும். ஒன்று மாறாமல் நின்றால் அந்தச் சென்சர் செத்துவிட்டது. 41எஃப் என்ற எண்ணில் வரும் சின்னச் சென்சர் விலை குறைந்தது, சோல்டர் பிடிக்கத் தெரிந்தவர் மாற்றிவிடலாம்.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடும் கணக்கு. மோட்டரை அந்தரத்தில் வைத்து, தெரிந்த வோல்ற்றில் முழு வேகத்தில் ஓடவிட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அளக்க வேண்டும். ரயரில் வெள்ளை ரேப் ஒரு துண்டு ஒட்டி, கைத்தொலைபேசியின் மெதுஇயக்க வீடியோவில் எண்ணினால் போதும். 26 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீற்றர். 255 சுற்று என்றால் மணிக்கு 31.7 கிலோமீற்றர். ஆள் ஏறியதும் அதில் ஐந்தில் நான்கு, அதாவது 25 அளவில் நிற்கும். குறூசருக்கு இது சரியான வேகம். ஆனால் சின்னச் சில்லு ஸ்கூட்டரில் இருந்து கழற்றிய மோட்டர் 500 சுற்று சுற்றக்கூடும். அதை 26 அங்குலத்தில் பூட்டினால் கணக்கில் 62 கிலோமீற்றர் வருகிறது. 350 வாற்றில் அந்த வேகத்தை எந்தக் காலத்திலும் எட்டாது. தன் வேகத்துக்கு வெகு கீழே முனகிக்கொண்டு, இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கை வெப்பமாக்கி, வைண்டிங்கைக் கருக்கக்கூடும். மோட்டர் பழுதில்லாமலே வண்டி தோற்கும் இடம் இது.

சட்டம்

பழைய றலிச் சட்டம் உறுதியானது, பார்க்கவும் அழகு. ஆனால் பின் கவட்டில் 54 மில்லிமீற்றர் அகல ரயர் போகாது. பழைய 26 அங்குல இரும்பு மவுண்டன் சைக்கிள் சட்டம்தான் பொருத்தம். ரயருக்கு இடம் உண்டு, வி பிறேக் குமிழ்கள் ஏற்கெனவே இருக்கும், பின் கவடும் மோட்டருக்கு வேண்டிய 135 மில்லிமீற்றருக்கு அருகில் இருக்கும். சில மில்லிமீற்றர் குறைந்தால் இரும்புச் சட்டத்தைக் குளிரிலேயே விரிக்கலாம். அலுமினியத்தை விரிக்கக் கூடாது, வெடிக்கும்.

குறூசர் தோற்றத்தைத் தருவது வளைந்த இரட்டை மேல்சட்டம். முக்கால் அங்குல, 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கறுப்பு இரும்புக் குழாய் இரண்டு போதும். வேலிக்குப் போட்டு மிஞ்சிய ஜிஐ குழாய் எல்லா வீட்டிலும் கிடக்கும், அதைத் தொடவேண்டாம். நாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பிக் காய்ச்சல் வரச்செய்யும், ஒட்டும் துளைத்துளையாக இருக்கும். வளைக்கும்போது குழாய் நசியாமல் இருக்க நன்றாகக் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரு வாயையும் மரக்கட்டையால் அடைத்து வளைக்கவேண்டும். ஈர மணலைப் போட்டுச் சூடு காட்டினால் நீராவி கட்டையைத் துப்பாக்கிச் சன்னம்போலத் தள்ளிவிடும்.

பழைய மேல்சட்டத்தை முதலில் வெட்டக் கூடாது. அது இருக்கும்போதே புதிய இரண்டையும் இரு பக்கமும் பொருத்திப் பொட்டு வைத்து, பிறகு நடுச்சட்டத்தை வெட்டி எடுத்தால் முன்கழுத்தின் சாய்வு மாறாது. மெல்லிய குழாய்க்கு ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். காஸில் வெங்காரம் தொட்டுப் பித்தளைக் கம்பியால் ஒட்டுவது நல்லது. முடிந்ததும் நூல் சோதனை: பின் கவட்டின் ஒரு நுனியில் நூலைக் கட்டி முன்கழுத்தைச் சுற்றி மறு நுனிக்குக் கொண்டுவந்து, நூலுக்கும் சீற் குழாய்க்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கையை விட்டு ஓட முடியாத வண்டியாகும்.

இரு சட்டங்களுக்கும் இடையில் 80 மில்லிமீற்றர் இடைவெளி விட்டது பற்றரிக்காக. 1930களின் அமெரிக்கக் குறூசர்களில் அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளைப் போலத் தோன்ற, பெற்றோல் தாங்கி வடிவில் வெறும் தகரத் தாங்கி பொருத்தியிருப்பார்கள். பாரம் நடுவில், கால் படாத இடத்தில், வெள்ளம் ஏறாத உயரத்தில் இருப்பதால் பற்றரிக்கு இதைவிட நல்ல இடம் சைக்கிளில் இல்லை. கரியரில் வைத்தால் பின்சில்லில் பாரம் கூடிச் சில்லுக் கம்பி அறும்.

சில்லும் அச்சும்

மோட்டரின் விளிம்பு சாதாரண ஹப்பை விடப் பெரியது, ஆகவே கம்பி குட்டையாக வேண்டும். இந்த மோட்டரில் கம்பித் துளை வட்டத்தின் விட்டம் 154 மில்லிமீற்றர், றிம்மின் உள்விட்டம் நிப்பிள் தலை வரை 540. 36 கம்பி, ஒரு குறுக்கு (ஒரு கம்பி மற்றொன்றை ஒருமுறை மட்டும் கடப்பது) என்ற கணக்கில் நீளம் 200 மில்லிமீற்றருக்கு ஒரு முடி குறைவு. வழக்கம்போல மூன்று குறுக்குப் போட்டால் கம்பி நிப்பிளுக்குள் சாய்வாக நுழைந்து வளையும் இடத்தில் அறுந்துவிடும். நீளக் கம்பியை வெட்டி மரை போடுவதென்றால் மரையை உருட்டிப் போடும் கருவி உள்ள கடையில் கொடுக்கவேண்டும். டை வைத்து வெட்டிய மரை மோட்டர் இழுவையில் ஒடியும்.

அச்சுத்தான் ஆபத்தான இடம். 12 மில்லிமீற்றர் அச்சில் இரு பக்கமும் தட்டையாக்கி 10 மில்லிமீற்றர் விட்டிருப்பார்கள். மோட்டர் சில்லை முன்னே தள்ளும் அதே பலத்தோடு அச்சைப் பின்னே திருகும். நட்டு மட்டும் அதைத் தாங்காது. கவடு விரிந்து அச்சு சுழன்றால் வயர் முறுகி அறுந்து, மூன்று வயரும் ஒன்றாகிக் கொன்ட்ரோலர் கருகலாம், சில்லே கவட்டை விட்டுக் கழன்றும் வரலாம். 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் 10 மில்லிமீற்றர் வாய் அரத்தால் ராவி, அச்சில் சுத்தியலால் மெல்லத் தட்டினால்தான் ஏறும் அளவுக்கு இறுக்கமாக வைத்து, மறுமுனையைச் சட்டத்தில் பூட்டவேண்டும். இரு பக்கமும் ஒவ்வொன்று. அரை மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தாலும் அது நாளுக்கு நாள் வாயை விரித்துக்கொண்டே போகும்.

பிரீவீல் நம்மூர்ச் சைக்கிள் கடையில் கிடைக்கும் ஒற்றை 18 பல்லு வகைதான், மரை பொருந்தும். முன்னுக்கு 44 பல்லு என்றால் 25 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 82 மிதி வருகிறது. கால் வீணாகச் சுற்றாமல் மோட்டருக்குத் துணையாக மிதிக்கலாம்.

பற்றரி

நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். லப்டொப் திருத்தும் கடைகளில் ஒதுக்கிய பற்றரிகளில் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்கள் ஆறு அளவில் இருக்கும். பெரும்பாலும் ஒரு சோடி செத்ததால்தான் முழுப் பெட்டியும் எறியப்பட்டிருக்கும். வந்ததில் பாதிதான் தேறும் என்று எண்ணி வாங்குங்கள்.

கழற்றியதும் வோல்ற் அளக்க வேண்டும். 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்த செல்லைத் தயங்காமல் ஒதுக்குங்கள். அவ்வளவு இறங்கிய செல்லுக்குள் செப்புத் தகடு கரைந்திருக்கும். திரும்ப ஏற்றும்போது அந்தச் செப்பு முள்முள்ளாகப் படிந்து பின்னொரு நாள் உள்ளுக்குள் சோட் ஆகும். இன்றைக்கு நன்றாக ஏறுகிறதே என்று நம்பிச் சேர்த்த செல்தான் வீட்டில் தீயை வைக்கும். மற்றவற்றை 4.2 வோல்ற் வரை ஏற்றி, ஏறும்போது கையில் சூடு தெரிபவற்றை நீக்கி, மூன்று வாரம் சும்மா விட்டு மறுபடி அளக்க வேண்டும். 4.1க்குக் கீழே இறங்கியவை தானாகவே மின்சாரம் இழப்பவை, அவையும் வேண்டாம். மிஞ்சியதைக் கொள்ளளவு அளக்கும் சார்ச்சரில் போட்டு 1800 மில்லி அம்பியர் மணிக்குக் கீழ்ப்பட்டவற்றை ரோர்ச் லைற்றுக்கு விடலாம்.

10 தொடர், ஒவ்வொன்றிலும் 8 சமாந்தரம், ஆக 80 செல். முழுதாக ஏறினால் 42 வோல்ற், சராசரி 36. செல்லுக்கு 2 அம்பியர் மணி வைத்தால் 16 அம்பியர் மணி, 576 வாற்மணி. கொன்ட்ரோலர் இழுக்கும் உச்சம் 15 அம்பியர், எட்டாகப் பிரித்தால் செல்லுக்கு 1.9. பழைய லப்டொப் செல்லிடம் இதற்கு மேல் கேட்கக் கூடாது. நான்கு சமாந்தரத்தில் கட்டி மிச்சம் பிடிப்பவர்களின் பற்றரி சூடாகிச் சீக்கிரம் சாகும். எட்டுச் செல் கொண்ட பத்துக் குழுக்களின் மொத்தக் கொள்ளளவும் ஒன்றுக்கொன்று சமமாக வரும்படி பெரிய செல்லோடு சின்ன செல்லைக் கலந்து அடுக்க வேண்டும். தனித்தனி செல் சமமாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

செல்லின் நேர்முனையைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு குமிழ். அதைச் சுற்றி ஒரு மில்லிமீற்றர் தள்ளி ஒரு விளிம்பு. அந்த விளிம்பு எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்ரிக் உறை மட்டுமே. நிக்கல் பட்டி அதன்மேல் உராய்ந்து உறை கிழிந்தால் நேரடிச் சோட். ஒவ்வொரு நேர்முனையிலும் காகித வளையம் ஒட்டாமல் பட்டி வைக்கக் கூடாது, 80 செல்லுக்கும் 80 வளையம்.

செல்லில் நேரே சோல்டர் வைப்பதும் கூடாது, சூடு உள்ளே போய்ச் செல்லைக் கெடுக்கும். பொட்டு வெல்டரில் 0.15 மில்லிமீற்றர் தடிப்பு, 8 மில்லிமீற்றர் அகல நிக்கல் பட்டியைப் பிடிக்கவேண்டும். குறட்டால் பிடுங்கும்போது பட்டியில் ஓட்டை விழுந்து பொட்டு செல்லோடு நின்றால் ஒட்டு சரி. பட்டி தூய நிக்கலா என்று பார்க்க, ஒரு துண்டை அரத்தால் சுரண்டி உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போடுங்கள். துருப்பிடித்தால் அது முலாம் பூசிய இரும்பு. எங்கள் கடற்காற்றில் அது ஒரு வருடம் தாங்காது.

தாங்கிக்குள் வைக்க 16 செல் நீளம், 5 செல் உயரம் என்று அடுக்கினால் ஏறத்தாழ 320க்கு 100க்கு 75 மில்லிமீற்றர். இடப்பக்கம் ஐந்து குழு மேலிருந்து கீழே, வலப்பக்கம் ஐந்து குழு கீழிருந்து மேலே. இந்த அடுக்கில் ஒரு பொறி உண்டு. மேல்-கீழ் வரிசைகளுக்கிடையே எட்டுப் பட்டி இணைக்கிறது, ஒவ்வொன்றிலும் 2 அம்பியருக்குக் குறைவுதான். ஆனால் அடியில் ஐந்தாம் குழுவும் ஆறாம் குழுவும் பக்கவாட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் சந்திக்கின்றன. முழு 15 அம்பியரும் அந்த ஒரு பட்டி வழியே போய் அதை அளவுக்கு மீறிச் சூடாக்கும். அங்கே 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரைப் பட்டியில் முன்கூட்டியே சோல்டர் பண்ணி, அந்த இரு வரிசையின் முழு நீளத்துக்கும் ஓடவிட வேண்டும்.

பீஎம்எஸ் (செல்கள் அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் அறுத்துக் காக்கும் பலகை), சார்ச்சர், மின்சாரத்தை அறுக்கும் பிறேக்கர் மூன்றும் புதிதாக வாங்கவேண்டியவை. பழைய வண்டியின் ஈய அமிலச் சார்ச்சர் 44 வோல்ற் வரை தள்ளும். பீஎம்எஸ் அறுத்துவிடும்தானே என்று அதைக் கொழுவுவது கடைசிக் காவலை அன்றாடக் காவலாக்குவது. 42 வோல்ற் 2 அம்பியர் லித்தியம் சார்ச்சர் வேண்டும், 41க்கு இறக்கி வைக்கக்கூடியது கிடைத்தால் இந்த வெக்கையில் செல் நீடிக்கும். கார்களில் போடும் சாதாரணப் பிளேட் பியூஸில் 32 வோல்ற் என்று எழுதியிருக்கும். 42 வோல்ற்றில் அது உருகினாலும் உள்ளே பொறி அணையாமல் எரியலாம். கூரைச் சோலார் பூட்டுபவர்கள் பாவிக்கும் டிசி பிறேக்கர் 20 அம்பியரில் ஒன்று போட்டால் பியூஸும் மெயின் சுவிச்சும் ஒன்றாகும். நேர், எதிர் குறி பார்த்துப் பூட்டவேண்டும். மாறினால் அதுவும் பொறியை அணைக்காது. சார்ச் போடும் இடம் விறாந்தையின் சீமெந்துத் தரை, வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரம்.

கொன்ட்ரோலர்

பழைய மின்சைக்கிளின் 36 வோல்ற் கொன்ட்ரோலரைத் தாராளமாகப் பாவிக்கலாம். அது ஈய அமிலத்துக்காக 31.5 வோல்ற்றில் நிற்கும்படி செய்தது. பத்துச் செல்லுக்குப் பங்கிட்டால் 3.15 வோல்ற், லித்தியத்துக்கு மிகப் பொருத்தமான இடம். உள்ளே உப்பிய கப்பாசிற்றர் இருந்தால் மட்டும் 63 வோல்ற் வகையால் மாற்றுங்கள்.

வயர் நிறம் பார்த்துக் கொழுவினால் மோட்டர் ஓடும் என்ற உறுதி இல்லை. ஹோல் வயர்களை அப்படியே விட்டுத் தடித்த மூன்றையும் மாற்றிப் போட ஆறு வழி உண்டு. ஆறில் ஒன்றே சரி. சரியானதில் சத்தமில்லாமல் ஓடி, பாரமில்லாதபோது ஒரு அம்பியர் அளவே இழுக்கும். பிழையானதில் உதறும், இரையும், கொன்ட்ரோலர் கொதிக்கும். சோதிக்கும்போது பற்றரி வயரில் 12 வோல்ற் 55 வாற் ஹெட்லைற் பல்ப் மூன்றைத் தொடரில் போட்டுக்கொண்டால் பிழையான இணைப்பில் பல்ப் எரியும், கொன்ட்ரோலர் பிழைக்கும். சரியான வழியில் மோட்டர் பின்னுக்குச் சுற்றினால் ஹோல் வயரில் இரண்டை மாற்றி, ஆறையும் மறுபடி பார்க்கவேண்டும்.

வெளிச்சத்துக்கு 36இல் இருந்து 12 வோல்ற்றாக்கும் கொன்வேர்ட்டர் ஒன்றும் எல்ஈடி விளக்கும். 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கைகளுக்கு இந்த வேலை புதிதல்ல. கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும் வீதியில் இரவில் 25 வேகத்தில் போக, டைனமோவின் 3 வாற் காணாது.

பிறேக், உப்பு, காற்று

வண்டி 25 கிலோ அளவு வரும். றலியின் கம்பிப் பிறேக்கும் குறோம் றிம்மும் மழையில் இதை நிறுத்தாது. அலுமினிய றிம்மில் வி பிறேக், கட்டையும் கேபிளும் புதிது. பிறேக் பிடியில் மோட்டரை அறுக்கும் சுவிச் இருக்கவேண்டும். வேகத்தைக் கூட்டும் பிடியான திறொட்டிலின் கறுப்பு வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ற் பக்கம் ஏறி, மோட்டர் முழு வேகம் எடுக்கலாம். அப்போது காப்பாற்றுவது அந்தச் சுவிச்தான்.

பண்ணைப் பாலத்திலும் கல்லுண்டாய் வெளியிலும் ஓடும் வண்டிக்குள் உப்பு போகாமல் இராது. மோட்டரைத் திறந்திருக்கும்போதே கிணற்று மோட்டர் வைண்டிங் செய்யும் கடையில் கொடுத்து, காந்தத்துக்கும் இரும்புத் தகட்டுக்கும் வார்னிஷ் பூசி உலர்த்துங்கள். பல்லுச்சக்கரத்தில் படக் கூடாது. வயர் அச்சுக்குள் நுழையும் இடத்தில் சிலிக்கன். வயரை அச்சுமட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மழைத்தண்ணீர் அடியில் சொட்டிப் போகும், உள்ளே வழியாது.

காற்றில்லாத நாளில் நிமிர்ந்து இருந்து 25இல் போக 190 வாற் அளவு சில்லில் வேண்டும். சோழகக் காற்று மணிக்கு 20 கிலோமீற்றரில் எதிரே அடித்தால் அதே வேகத்துக்கு 480 வாற் தேவை, மோட்டரிடம் அவ்வளவு இல்லை. வேகம் 18க்கு இறங்கும், கிலோமீற்றருக்கு 10 வாற்மணி போன இடத்தில் 19 போகும். செல்லை 4.1இலிருந்து 3.2 வரை பாவித்தால் 490 வாற்மணி கையில். மிதிக்காமல் அமைதியான நாளில் 49 கிலோமீற்றர், எதிர்க்காற்றில் 25. வேலணைப் பக்கம் வைகாசி, ஆனியில் போகிறவர் இந்த இரண்டாவது எண்ணை வைத்தே புறப்படவேண்டும்.

ரயரில் 40 பிஎஸ்ஐ போதும். நெருஞ்சி முள்ளுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டி உள்ளே போடலாம், ஓரத்தைச் சீவி மெல்லியதாக்காவிட்டால் அதுவே ரியூப்பை அறுக்கும். மோட்டர் வயரின் கொழுவியைச் சில்லுக்கு அருகிலேயே வைத்தால், பஞ்சர் ஒட்டுபவர் வயரை வெட்டாமல் சில்லைக் கழற்றலாம். அச்சு நட்டுக்கு 18 அல்லது 19 ஸ்பனர் வண்டியில் இருக்கட்டும். முதல் 100 கிலோமீற்றருக்குள் கம்பிகள் தளரும், அப்போது எல்லாக் கம்பியையும் ஒருமுறை இறுக்கி, அச்சுத் தகட்டின் வாயில் ஆட்டம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.